எண்ணத் தெரிந்த சீமை

உங்கள் வீட்டு ரசம் கமகமவென்று மணக்கிறதா? அந்தப் பெருமையில் கொஞ்சம் விருதுநகருக்கும் விட்டுக் கொடுங்கள். கொத்துமல்லி, மிளகாய் வற்றல், துவரம் பருப்பு, எள் என்று எந்தெந்தச் சீமைச் சரக்கோ இந்த ஊரில் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. இங்கே விலை தீர்ந்த பிறகுதான் நம் தெருக்கோடி மளிகைக் கடைக்குப் பிரயாணம் புறப்படுகிறது. பத்திரிகைகளில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று ஒரு பகுதி வருமே, நாம் அதைப் புரட்டிக்கொண்டு போய்விடுவோம். மளிகைக் கடைக்காரர் அதைத்தான் முதலில் படிப்பார். ஊரைச் சுற்றிலும் வானம் பார்த்த பூமி. அப்படிப்பட்ட ஊர் மற்ற ஊர்களுக்கெல்லாம் விலை சொல்கிறதென்றால் வேடிக்கையாக இல்லையா?

மதுரையிலிருந்து தெற்கே ரெயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் விருதுநகர் வந்துவிடும். 1923 வரை விருதுபட்டி என்று பெயர். காமராஜர் 1903-ல் பிறந்த வீடு தெப்பக்குளத்துக்குச் சமீபத்தில்தான் இருக்கிறது. போனவர்கள் அதைப் பார்க்காமல் வருவதில்லை. எண்ணெய்ப் பரோட்டாவைச் சாப்பிடாமலும் வருவதில்லை. நானும் இரண்டையும் முடித்துக்கொண்டேன். ஆனால் நான் போன காரியம் வேறே. மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தைகள் எண்ணப் பழகுவதைப் பார்க்கப் போனேன்.

"அதற்கு விருதுநகர் வரை போவானேன்? எங்கள் தெருவிலேயே மூன்று நர்ஸரிப் பள்ளிக்கூடம் இருக்கிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எண்ணுவதே பிழைப்பாக இருக்கும் சீமை இது. குழந்தைகள் எண்ணியே பிழைத்த சீமையும் இதுதான். அதனால்தான் இங்கே போனேன்.

மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். மல்லி மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தேழு மூட்டை, மூட்டைக்கு நாற்பது கிலோ. கணக்குப்பிள்ளை கால்குலேட்டரைத் தேடுவதற்குள் மூட்டை இறக்குகிறவர் ஒருவர், "ஆயிரத்து எண்ணூத்தி எம்பது" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எப்படிப் போட்டீர்கள் அண்ணாச்சி என்று கேட்டேன்.

"அம்பது மூட்டைன்னா ரெண்டாயிரம். மூணு மூட்டை கொறச்சல். நூத்தியிருவதைத் தள்ளிட்டா ஆச்சு. இதுல என்னம்மா இருக்கு?"

"எதுவரை படித்தீர்கள்?"

"நாலாப்புல கணக்குல பெயிலு. அதோட சரி."

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். ஆனால் உலகப் புகழ் பெற்ற நிபுணர்களே ஆராய்ந்து பார்த்த விஷயம் இது. பொருளாதாரத்துக்கு 2019-ல் நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சகாக்களோடு சேர்ந்து கல்கத்தாவிலும் டில்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பரீட்சித்தார்கள். 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். காய்கறி விற்கும் பிள்ளைகள் விலையையும் சில்லறையையும் மனக்கணக்காகப் போட்டுவிடுகிறார்கள். அதே கணக்கைப் பள்ளிக்கூடத்துப் பாஷையில் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் திணறுகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோ காகிதத்தில் போடுவதைச் சந்தையில் போடத் தெரியாமல் விழிக்கிறார்கள். இரண்டு கரையிலும் ஆள் இருக்கிறது, நடுவில்தான் பாலம் இல்லை.

அந்தப் பாலத்துக்கு முதல் கல்லை எங்கே வைப்பது? நாலாம் வகுப்பில் அல்ல. குழந்தை மழலை பேசும்போதே வைக்க வேண்டும் என்கிறார்கள். சரி, பஸ் ஏறுவோம்.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு ஏறக்குறைய 25 கிலோ மீட்டர். திருத்தங்கல் வழியாகப் போகிறது பஸ். வறண்ட வெயில். அந்த வெயில்தான் இந்த ஊரின் மூலதனம். தீக்குச்சி காய, வெடி மருந்து காய, அச்சடித்த காகிதம் காய, எல்லாவற்றுக்கும் அதுதான். 1922-ல் பி. ஐயநாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இத்தனையும். பெட்டிக்கு லேபிள் வேண்டுமென்று அச்சகம் வந்தது. அச்சகம் வந்ததும் நாள்காட்டியும் டைரியும் நோட்டுப் புத்தகமும் வந்தன. 'குட்டி ஜப்பான்' என்று நேரு சொன்னார்.

ஊருக்கு வெளியே பட்டாசு ஆபீஸ்கள். இந்தப் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள். பொட்டல் காட்டில் ஒன்றுக்கொன்று விலகி விலகி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது, இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை உண்டு. இங்கே எண்ணிக்கை தப்பினால் ஆசிரியர் சிவப்பு மசியால் கோடு போடுவதோடு முடிவதில்லை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் ஏறக்குறைய நாற்பது பேர் மாண்டார்கள். அதைப் பற்றி இன்னும் தணிந்த குரலில்தான் பேசுகிறார்கள்.

நான் போன கிராமத்தின் பெயர் வேண்டாம். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு வேப்ப மரம், பக்கத்தில் அங்கன்வாடி. ஊரில் எல்லோரும் பழைய பழக்கப்படி 'பால்வாடி' என்கிறார்கள். தாய்மார்கள் பாதிப் பேர் பட்டாசு ஆபீஸுக்குப் போகிறார்கள். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை பத்தொன்பது உருப்படிகள் உள்ளே. சத்தம் என்றால் சந்தை தோற்றுவிடும்.

அன்று முட்டை நாள். டீச்சர் முட்டைகளைத் தாமே பங்கிட்டுக் கொடுத்திருக்கலாம். இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. நாலு வயதுப் பெண் ஒருத்தியை அழைத்து, "எல்லாருக்கும் தட்டு வையி தாயி" என்றார். அவள் ஒவ்வொரு குழந்தைக்கும் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். பிறகு ஒரு பையன் தட்டுக்கு ஒரு முட்டையாக வைத்துக்கொண்டே போனான். கடைசியில் ஒரு தட்டில் முட்டை இல்லை. ஒரே கூச்சல்! "யாருக்குப் பத்தலை? எத்தனை பத்தலை?" என்று கேட்டுவிட்டு டீச்சர் பேசாமல் இருந்தார். "ஒண்ணு பத்தலை டீச்சர்!" என்று குரல் வந்த பிறகுதான் முந்தானைக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த முட்டையை எடுத்தார்.

வாசக சகோதரிகளே, கணக்கு என்பது இங்கேதான் தொடங்குகிறது. 'ஒன்று, இரண்டு, மூன்று' என்ற பாராயணத்தில் அல்ல. ஒரு தட்டுக்கு ஒரு முட்டை, மிச்சமா, குறைச்சலா? எண்ணே தெரியாத குழந்தைக்கும் இது புரிகிறது.

பாராயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் மூன்று வயதுக் குழந்தை இருபது வரை தடங்கல் இல்லாமல் சொல்கிறது. விருந்தாளிகள் வந்தால் சொல்லச் சொல்லிப் பூரித்துப் போகிறீர்கள். ஒரு தட்டு நிறையப் புளியங்கொட்டையை வைத்து, "எனக்கு ஐந்து கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கை அள்ளிக் கொடுக்கும்! குழந்தைக்குப் புத்தி குறைவு என்று கவலைப்பட வேண்டாம். உலகம் முழுவதும் பிள்ளைகள் இப்படித்தான். முதலில் 'ஒன்று' மட்டும் அர்த்தத்தோடு விளங்குகிறது. சில மாதங்கள் கழித்து 'இரண்டு'. பிறகு 'மூன்று'. அதற்கப்புறம் ஒரு நாள், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்ற ரகசியம் பிடிபட்டுவிடுகிறது. பிறகு ஐந்தும் ஒன்றுதான், பத்தும் ஒன்றுதான். இரண்டரையிலிருந்து நாலு வயதுக்குள் நடக்கும் காரியம் இது. அதட்டினால் சீக்கிரம் நடப்பதில்லை.

அந்தப் பால்வாடியில் இன்னொரு வேடிக்கை. மருந்து தோய்க்காத வெறுந் தீக்குச்சிகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. பத்துப் பத்தாகச் சேர்த்து ரப்பர் வளையம் போட வேண்டும். மூன்று கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் இருந்தால் முப்பத்திரண்டு. நம்முடைய தமிழ் இதற்கு எவ்வளவு உதவி செய்கிறது, பாருங்கள். பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும்; முப்பத்திரண்டு என்றால் மூன்று பத்தும் இரண்டும். காதால் கேட்கும்போதே கட்டும் உதிரியும் தெரிகிறது. இங்கிலீஷ் குழந்தைக்கு 'லெவன்', 'ட்வெல்வ்' என்றால் அதில் பத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்றே தெரியாது. ஹிந்திக் குழந்தை பாடு இன்னும் கஷ்டம். நூறு வரைக்கும் அநேகமாக ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே நெட்டுருப் போட வேண்டும். நமக்கு இடறுவது தொண்ணூறில்தான். எண்பத்தொன்பதுக்கு அடுத்து உங்கள் குழந்தை "ஒன்பதுபது" என்று சொன்னால் தலையில் குட்டாதீர்கள். அது மனப்பாடம் செய்யவில்லை, யோசிக்கிறது என்று அர்த்தம்.

பட்டாசு ஆபீஸிலிருந்து ஒரு தாய் வந்தாள். விரல்கள் வெள்ளி பூசியதுபோல் மின்னின, அலுமினியப் பொடி. டீச்சர் வாசலிலேயே நிறுத்தி, வாளித் தண்ணீரும் சோப்பும் காட்டினார். கை கழுவிய பிறகுதான் குழந்தையைத் தொடலாம். இந்தப் பால்வாடியின் சட்டங்களில் இது முதல் சட்டம். குச்சி, பெட்டி எதுவானாலும் மருந்து பட்டது உள்ளே வரக் கூடாது. காலிக் கம்பி மத்தாப்புப் பெட்டி மாதிரி புது அட்டைகள் மட்டும் அச்சகத்திலிருந்து வருகின்றன. 7 சென்டி மீட்டர், 10, 12, 15, 30 என்று வரிசையாக அடுக்கிக் குட்டையும் நெட்டையும் கற்றுக்கொள்கிறார்கள். பெட்டிக்கு எத்தனை மத்தாப்பு என்பது இந்த ஊர்க் குழந்தைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பேத்தியை அழைத்துப் போக வந்திருந்த ஒரு பாட்டி, இந்தக் குச்சி விளையாட்டைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். முகத்தில் சிரிப்பில்லை.

"என்ன அப்பத்தா, பேத்தி கெட்டிக்காரியாக இருக்கிறாளே?" என்றேன்.

"இந்தக் குச்சியைத்தான் தாயி நானும் எண்ணுனேன். ஏழு வயசுல."

விடிவதற்கு முன்னால் பஸ் வரும். தூங்குகிற பிள்ளைகளைத் தூக்கி ஏற்றுவார்கள். தீப்பெட்டி ஆபீஸில் நாள் பூராவும் கட்டையில் குச்சி அடுக்க வேண்டும், கட்டைக் கணக்குக்குக் கூலி. கொஞ்சம் வளர்ந்ததும் பெட்டி அடைப்பு. பன்னிரண்டு பெட்டி ஒரு டஜன். பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டி. 600 பெட்டி ஒரு பண்டல். "கணக்குத் தெரியாதுன்னு சொல்லுவாக எங்களை. தெரியாம எப்புடிக் கூலி வாங்குனோம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மல்லி மூட்டை அண்ணாச்சியைப் போலவே இவளும் பரீட்சை எழுதாத பட்டதாரி.

பாட்டி சொன்னது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிவகாசிப் பிள்ளைகளின் கதை தேசம் முழுவதும் பேசப்பட்டது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று சலம் பென்னூர்கர் 1990-ல் படம் எடுத்தார். எழுத்தாளர் பூமணி 'கருவேலம் பூக்கள்' எடுத்தார். எம். ஸி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. பஸ்கள் பிள்ளைகளை ஏற்றுவது நின்று போயிற்று. அதே ஊர்ப் பிள்ளைகள்தான் இப்போது குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டிவிட்டு, அவிழ்த்துவிட்டு, மறுபடியும் கட்டுகிறார்கள். கூலி கிடையாது. எண்ணிக்கை தப்பினால் பிடித்தமும் கிடையாது.

இந்த இடத்தில் பட்டணத்துச் சகோதரிகளிடம் கொஞ்சம் சண்டை பிடிக்கலாமென்று நினைக்கிறேன். எல்.கே.ஜி. படிக்கும் குழந்தைக்கு டியூஷன் வைக்கிறோம். 'ஒன்றிலிருந்து நூறு வரை நாலு தடவை எழுதிக்கொண்டு வா' என்று பள்ளிக்கூடம் அனுப்புகிறது. குழந்தை விரல் நோக எழுதுகிறது. எழுதி முடித்தால்தான் விளையாடப் போகலாம். கட்டைக் கணக்குக்கு வேலை செய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்றில் நாலு காசாவது கிடைத்தது!

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பாடத்திட்டம் இருக்கிறது; பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கினார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளுக்குப் படிகள். 'பாஸ், பெயில்' என்பதைவிடக் காதுக்கு இதமாக இருக்கிறது. விளையாட்டாகச் சொல்லித்தருவது என்பதும் புது மோஸ்தர் இல்லை. மாண்டிஸோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். யுத்தம் மூண்டதால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொஞ்ச காலம் இங்கிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் உள்ள கொடைக்கானலிலும் இருந்தார். மணியைக் கோத்துப் பத்தும் நூறும் காட்டுகிற அவருடைய வித்தையைத்தான் நம் பால்வாடி டீச்சர் தீக்குச்சியில் செய்கிறார்.

விளையாட விட்டால் மட்டும் போதுமா? போதாது. இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டில்லியில் பாலர் பள்ளிக் குழந்தைகளைச் சில மாதங்கள் எண்ணிக்கை விளையாட்டுகள் ஆட வைத்தார்கள். 2017-ல் முடிவு வெளிவந்தது. எது அதிகம், எது குறைவு என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் சாமர்த்தியம் வளர்ந்தது. ஒரு வருஷத்துக்கு மேலும் நிலைத்தது. ஆனால் முதல் வகுப்புக் கணக்கில் அதனால் லாபம் இல்லை. விளையாட்டில் எண்ணின் பெயரும் எழுத்தும் சேரவில்லை என்பதுதான் காரணமாகப் பட்டது. ஆகவே புளியங்கொட்டையை எண்ணும்போது வாய் 'ஐந்து' என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் ஐந்து என்ற எழுத்தும் கிடக்க வேண்டும்.

எளிய வழி ஒன்று சொல்கிறேன். தரையில் சாக்கட்டியால் ஒரே வரிசையாகப் பத்துக் கட்டம் போடுங்கள். இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எழுதுங்கள். இரண்டு சோழி உருட்டி, ஒன்று மலர்ந்தால் ஒரு கட்டம், இரண்டும் மலர்ந்தால் இரண்டு கட்டம் நகரட்டும். ஒரே ஒரு நிபந்தனை. ஐந்தில் நிற்கும் காயை இரண்டு கட்டம் நகர்த்தும்போது 'ஒன்று, இரண்டு' என்று சொல்லக் கூடாது. 'ஆறு, ஏழு' என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ராபர்ட் ஸீக்லரும் கீதா ரமணியும் ஏறக்குறைய இதே மாதிரி விளையாட்டை ஏழைக் குழந்தைகளோடு ஆடிப் பார்த்து 2008-ல் எழுதினார்கள். கால் மணி, கால் மணியாக நாலே நாலு தடவை. ஒன்பது வாரம் கழித்தும் பலன் குறையவில்லை. எண் இல்லாமல் வெறும் வர்ணக் கட்டத்தில் ஆடிய குழந்தைகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லையாம். பரமபதம் இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு ஆகட்டும். அந்தப் பாம்பு வளைந்து வளைந்து போவதில் சிறிசுகளுக்கு வரிசை குழம்பிப் போகும்.

அடுப்பங்கரையில் இருக்கும் கணக்கை நான் சொல்ல வேண்டுமா? ஆழாக்கு இரண்டு ஓர் உழக்கு; உழக்கு இரண்டு ஓர் உரி; உரி இரண்டு ஒரு படி. ஒரு வாளித் தண்ணீரும் நாலு டம்ளரும் கொடுத்தால் குழந்தை ஒரு மணி நேரம் உங்களைத் தொந்தரவு செய்யாது. தரை ஈரமாகும், துடைத்துக்கொள்ளலாம். இட்லித் தட்டில் ஒவ்வொரு குழியையும் தொட்டு எண்ணலாம். ஐந்து பொத்தானை நெருக்கி வைத்து எண்ணச் சொல்லி, பிறகு அதையே பரப்பி வைத்து, "இப்போது அதிகமா?" என்று கேட்டுப் பாருங்கள். நாலு வயதுக் குழந்தை பெரும்பாலும் 'அதிகம்' என்றுதான் சொல்லும். ஸ்விட்சர்லாந்து ஞானி பியாஜே இதைக் கொண்டு பெரிய புத்தகமே எழுதிவிட்டார். நீங்கள் சிரித்துவிட்டு, மறுபடியும் எண்ணச் சொன்னால் போதும்.

பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிட்டது என்று எழுந்தேன். திண்ணையில் பாட்டியும் பேத்தியும் பல்லாங்குழிக்கு உட்கார்ந்திருந்தார்கள். பதினாலு குழி, குழிக்கு ஐந்து. பாட்டியின் விரல்கள் குழியைத் தொடுவதே தெரியவில்லை. அறுபது வருஷத்துக் குச்சி எண்ணிய விரல்கள் அல்லவா? நாலு சேர்ந்த குழியைப் 'பசு' என்று வாரி மடியில் போட்டுக்கொண்டே போனாள். பேத்தி கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பாட்டியின் கையை எட்டிப் பிடித்தாள்.

"அப்பத்தா! அதுல அஞ்சு இருக்கு. ஒண்ணைத் திருப்பிப் போடு!"

பாட்டி என்னைப் பார்த்தாள். அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். ஒரு சோழியைத் திருப்பிப் போட்டாள்.